உள்ளேயா, வெளியேயா

உள்ளே என்கிறார். "உள்ளே தள்ளு அமலி, உள்ளே." நான் வெளியே என்று நினைக்கிறேன். வளைப்பான் என் கையில் இருக்கிறது, பென்சில் நீளத்துக்கு ஒரு எஃகுக் கம்பி, நுனியில் பாம்பு நாக்கு மாதிரி ஒரு பிளவு, அந்தப் பிளவுக்குள் டெலிபோன் டயலின் தகட்டு இறக்கையை நுழைத்து ஒரு பொட்டு திருப்பினால் போதும், வேலை முடிந்துவிடும், எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் கேள்வி. அவர் எதிரே உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ரிட்டயர் ஆகும்வரை டெலிபோன் இலாகாவில் மெக்கானிக்காக இருந்த மனுஷன், அவர் கை ஆட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து என் கைதான் அவருக்குக் கை. அவர் சொல்வார், நான் செய்வேன். வெளியே யாருக்கும் தெரியாது. பழைய போனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு சவரிமுத்து சார் சரிபண்ணித் தருகிறார், அவர் சம்சாரம் காபி தருகிறாள், அவ்வளவுதான். இந்த இரண்டு வருஷத்தில் அவர் சொல்லி நான் செய்யாதது எதுவும் இல்லை, அவர் சொன்னது எதுவும் தப்பாகவும் இருந்ததில்லை, அதனால்தான் இப்போது கை நிற்கிறது. குக்கர் ஒரு விசில் விட்டுவிட்டது. இன்னும் இரண்டு வரட்டும். அதற்குள் முடிவு பண்ண வேண்டும், இல்லை, குக்கருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், பருப்பு குழைந்தால் குழையட்டும்.

வெளியேதான். எனக்குத் தெரியும். தெரியுமா? டயலின் முதுகுப்பக்கம் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் இருக்கிறது, புளியங்கொட்டை ஒன்று அதில் உட்காரலாம், அதற்குள் மெல்லிய தகட்டில் இரண்டு இறக்கைகள். கவர்னர் என்பார்கள். விரலை விட்டுச் சுற்றி டயலை விட்டால் அது திரும்பி வருகிற வேகத்தில் இந்த இறக்கைகள் சுழன்று, விரிந்து, கிண்ணத்தின் சுவரை உரசும். அந்த உரசல்தான் பிரேக். இறக்கை சுவரை ஒட்டி இருந்தால் சீக்கிரம் உரசும், டயல் நிதானமாக வரும். சுவரை விட்டு உள்ளே தள்ளி இருந்தால் தாமதமாக உரசும், டயல் பாயும். இப்போது பிரித்து வைத்திருக்கிற மதுரவல்லி டீச்சருடைய டயல் பாய்கிறது. அப்படியானால் இறக்கையைச் சுவர்ப்பக்கம் கொண்டுவர வேண்டும், அப்படியானால் வெளியே. இதில் என்ன சந்தேகம், என் புத்திக்கே எட்டுகிறது, அவருக்கு எட்டாமல் போகுமா, அதுதான், அவருக்கு எட்டாமல் போகுமா என்பதுதான் முள்ளாகக் குத்துகிறது. ஒருவேளை இந்த டயல் வேறு மாதிரியாக இருக்கலாம். ஒருவேளை நான் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். தலைகீழ் இல்லை. அதே கிண்ணம், அதே இறக்கை, இடதுபக்க இறக்கையின் கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. யார் யாரோ எந்தக் காலத்திலோ வளைத்து வளைத்துத் தகடு களைத்துப் போயிருக்கிறது. ஒரு தடவை வளைத்தால் தாங்கும். தப்பான பக்கம் வளைத்துவிட்டு மறுபடியும் இழுத்தால் ஒடியும். ஒடிந்தால் மாற்றுவதற்கு இப்போது எங்கே இருக்கிறது.

மதுரவல்லி டீச்சர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆட்டோவில் வந்துவிடுவார். மேலப்புதூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர், கண் போய்விட்டது, சர்க்கரை. மருமகன் வாங்கிக் கொடுத்த செல்போன் வழவழவென்று இருக்கிறது, தடவினால் எங்கே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை, இதில் எண் எல்லாம் விரலுக்குத் தெரியுது சார் என்று போன வாரம் கறுப்பு போனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். காரைக்குடியில் அவருடைய அக்கா இருக்கிறார், அவரும் தனியாள். தினமும் சாயங்காலம் இருவரும் பேசிக்கொள்வார்கள், என்ன குழம்பு, முழங்கால் எப்படி இருக்கிறது, அவ்வளவுதான் பேச்சு. இப்போது அக்காவுக்குப் போட்டால் ஒரு ரைஸ் மில் வருகிறதாம். மில்லுக்காரர் முதலில் திட்டினாராம், பிறகு பழகி, "டீச்சர், இன்னைக்கும் நான்தான்" என்கிறாராம். அதைச் சொல்லும்போது டீச்சர் சிரித்தார். சிரித்துவிட்டு, "நான் கூப்பிடலன்னா அக்கா நான் செத்துட்டேன்னு நெனச்சுக்குவா சார்" என்றார். டயல் பாய்ந்தால் எக்ஸ்சேஞ்சால் எண்ண முடியாது, ஏழைச் சுற்றினால் ஆறு என்று எடுத்துக்கொள்ளும், அதுதான் மில். இதையும் அவர்தான் எனக்குச் சொன்னார், போன வாரம், தெளிவாக, வரி வரியாக, அன்றைக்கு அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்றைக்கு ஏன் வளைக்கவில்லை நாங்கள். மின்வெட்டு. ஆமாம், மின்வெட்டு, பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டோம்.

"என்ன யோசனை? உள்ளேதான்." "இருங்க, கண்ணாடியில பூச்சி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு." பூச்சி ஒன்றும் இல்லை. முந்தானையால் துடைக்கிறேன். ஓட்டம் ஜாஸ்தின்னா வெளியே, தூக்கம் ஜாஸ்தின்னா உள்ளே. அவர்தான் இப்படி முணுமுணுப்பார், பாட்டு மாதிரி, டயலை எடுத்தாலே இதுதான். டெலிபோன் குவார்ட்டர்ஸில் எங்கள் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு பூப்போட்ட திரைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் யாருடைய போனையாவது முன்னறையில் பரப்பிக்கொள்வார். நான் இந்தப்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருப்பேன். திரை காற்றில் விலகும்போதெல்லாம் அவர் முதுகு தெரியும், பனியனில் வியர்வை தெரியும், மேசை மேல் காக்கித் துணியை விரித்து அதன் பைகளில் வரிசையாகக் கருவிகள், கைப்பிடிகளில் பச்சை நூல் சுற்றியிருக்கும். மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாது என்று அவரே சுற்றியது. ஒரு கருவியை எடுப்பார், பார்க்காமலேயே எடுப்பார், வேலை முடிந்ததும் அதே பைக்குள் அதே மாதிரி பார்க்காமல் செருகுவார். வஞ்சிரத் துண்டுக்கு மஞ்சள் தடவிக்கொண்டே நான் அதைப் பார்ப்பேன், கல்யாணமான புதிது, ஒரு ஆணின் கை இவ்வளவு மெதுவாக எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை, எங்கள் அப்பா லாரி பட்டறையில் இருந்தவர், எல்லாவற்றையும் அடிப்பார். ஓட்டம் ஜாஸ்தின்னா வெளியே, தூக்கம் ஜாஸ்தின்னா உள்ளே. டயலில் பூஜ்யத்தை முழுக்கச் சுற்றி விடுவார், அது திரும்பி வந்து நிற்பதற்குள் "அருள் நிறைந்த மரியே" என்று ஒரு தடவை சொல்லி முடிக்க வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் நின்றால் ஓட்டம். முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் தூக்கம். ஆபீசில் அதற்கு மீட்டர் இருந்தது, வீட்டில் மாதாதான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை தடவை அருள் நிறைந்த மரியே, எங்கள் தெருவில் அவ்வளவு ஜெபம் பண்ணினவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். போன வாரம் டீச்சருடைய டயலைச் சுற்றி விட்டபோது "அருள் நிறை"யிலேயே நின்றுவிட்டது.

கருவிகளை நான் தொடக்கூடாது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் தொடக்கூடாது. ஒரு தடவை தொட்டேன். ஜெபமாலையின் சங்கிலி விட்டுப்போயிருந்தது, அவர் டூட்டிக்குப் போயிருந்தார், காக்கித் துணியிலிருந்து இதே வளைப்பானை எடுத்து அந்த வளையத்தை நெம்பினேன். நெம்பியதில் பிளவின் ஒரு நாக்கு லேசாக விரிந்துவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. அவர் வந்து எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. "இத யார் எடுத்தது?" என்றார். அவ்வளவு மெதுவாகக் கேட்டார், திட்டியிருந்தால் தேவலை. "இது கொறடு இல்ல அமலி" என்றார். பொடி உப்புக் காகிதத்தை வைத்து அந்த நாக்கைத் தேய்த்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கூட நான் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தார். சம்பளம் வந்த அன்றைக்குப் பெரிய கடைவீதியிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார், மல்லிகைப்பூ என்று நினைத்தேன், பிரித்தால் சிவப்புப் பிடி போட்ட ஒரு குட்டிக் குறடு. "இது உனக்கு. ஜெபமாலை, கொலுசு, என்ன வேணா பண்ணிக்க." அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. பூ வாங்கத் தெரியாத மனுஷன். பக்கத்து வீட்டு ரெஜினாவிடம் காட்டினேன், அவள் புருஷன் அவளுக்கு வளையல் வாங்கியிருந்தான், அவள் குறட்டைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போறியா?" என்றாள். பொடி உப்புக் காகிதம் இல்லை, உப்புக் காகிதம், நைஸ் காகிதம், என்னவோ, சொல் தப்புகிறது எனக்கும். எனக்கும் தப்பத்தானே செய்கிறது. எழுபதை நெருங்கினால் யாருக்குத்தான் தப்பாது.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு எக்ஸ்சேஞ்சுக்குப் போவோம். நாங்கள் வேதக்காரர்கள், ஆனாலும் அந்த ஒரு நாள் அவர் போகாமல் இருக்க மாட்டார். வருகிற குடும்பங்களுக்கெல்லாம் பொரி, கடலை, ஆளுக்கு ஒரு வாழைப்பழம். பெரிய கூடம் முழுக்க இரும்பு அலமாரிகள், அதற்குள் ஆயிரக்கணக்கில் எதுவோ கிளிக் கிளிக்கென்று எண்ணிக்கொண்டிருக்கும், தகரக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி. "ஊர்ல யாரோ யாரையோ கூப்பிடுறாங்க, அந்தச் சத்தம்தான்" என்று என் காதருகில் சொன்னார். நான் மகன் பிரிட்டோவை இடுப்பில் வைத்திருந்தேன், அவன் அந்தச் சத்தத்தில் தூங்கிப்போனான். ஒரு மேசை மேல் எல்லோருடைய கருவிகளையும் பரப்பி சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். கனம் பார்க்கிற கேஜ், இடைவெளி பார்க்கிற தகடுகள், மறை திருப்பும் குழாய்ச் சாவிகள், நகத்தை விட மெல்லிய ஒரு எஃகு இலை. ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார், யாருக்கும் கேட்காமல். "இந்த இலையால கரண்டு தாண்டுற வெள்ளிப் பொட்டத் தேய்க்கணும், அழுத்தக் கூடாது, கொழந்தைக்குக் கன்னம் துடைக்கிற மாதிரி." இன்றைக்கும் அந்த இலையை எடுக்கும்போது பிரிட்டோவின் கன்னம் ஞாபகத்துக்கு வருகிறது. பர்னிஷர். அதற்குப் பெயர் பர்னிஷர். போன மாதம் இவர் அதைக் கேட்டபோது, "அந்த, அந்த, மீன் செதில் எடுக்கிறது, அத எடு" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை.

எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணினது அதற்கு முன்னாலேயே. பேத்தி பெயர் நிவேதிதா. பிரிட்டோ ஓசூரிலிருந்து பேசிக்கொண்டிருந்தபோது இவர், "ரெஜினா நல்லா படிக்கிறாளா?" என்று கேட்டுவிட்டார். நான் பக்கத்திலிருந்து, "நிவேதிதா, நிவேதிதா" என்றேன், சட்டென்று வந்துவிட்டது, அவ்வளவுதான். போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ரசம் சோறு தட்டில் அப்படியே ஆறிக் காய்ந்துபோனது. அன்றைக்கே தீர்மானித்தேன், இனி திருத்த மாட்டேன், தாங்கிக்கொள்வேன். தேநீரில் உப்பு போட்டுக் கொண்டுவந்தார் ஒருநாள், நான் குடித்தேன், குடித்துவிட்டு இன்னொரு தடவை நானே போடுகிறேன் என்று உள்ளே போனேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது எங்கள் தெருவை விட்டுவிட்டு நேராக நடந்தார், பழைய குவார்ட்டர்ஸ் பக்கம். அந்த வீட்டைக் காலி பண்ணி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இடித்துவிட்டு அங்கே என்னவோ கட்டிவிட்டார்கள். வேகமாக நடந்தார், வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி. "இந்தப் பக்கம் வாங்க, மீன் வாங்கணும்" என்று கையைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பினார். நான் தைரியசாலி இல்லை, எனக்கு அவ்வளவுதான் வந்தது, மீன். பிரிட்டோவிடம் சொன்னால் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போ என்கிறான், இரண்டு தடவை சொல்லிவிட்டான். டாக்டர் ஏதாவது கேட்பார், இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன மாதம், எனக்கே கிழமை மறந்து போகிறது. இவர் பதில் சொல்ல முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நான் நின்று பார்க்க வேண்டும். அது வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும். என்ன கொஞ்ச நாள், எத்தனை கொஞ்ச நாள்.

முதன்முதலாக என்னைக் கூப்பிட்ட நாள் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு மறை அவர் கையிலிருந்து நழுவி காபி டம்ளருக்குள் விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்தபோது மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன், திரை இல்லாத வீடு இது, எல்லாம் தெரிந்தது. "அமலி, இங்க வா" என்றார். "கையக் கழுவிட்டு வா." கழுவினேன், சோப்பு போட்டு, நகத்தை எல்லாம் தேய்த்து, கல்யாணத்தன்றைக்குக் கூட அப்படிக் கழுவியிருக்க மாட்டேன். பச்சை நூல் சுற்றிய திருப்புளியை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல் ஆடியது, நூல் அவர் வியர்வையில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. "அழுத்தாத. அது போற வழியில போ." அன்றைக்குப் பழுது பார்த்த போன் மணி அடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, வெட்கமாகக் கூட இருந்தது, இந்த வயதில். அவர் தலையை ஆட்டினார், சரி என்கிற மாதிரி. வாயால் சொல்லவில்லை. அவர் சொல்ல மாட்டார்.

"அமலி. உள்ளே." மூன்றாவது தடவை. குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னவோ செய்கிறது, கோபம் இருந்தால் எதிர்த்து ஏதாவது கேட்டிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி ஒரு குரல். உள்ளே வளைத்துவிட்டால் என்ன. இன்னும் வேகமாகப் பாயும், அவர் காதில் விழும், அவருக்கே தெரிந்துவிடும், அப்புறம் வெளியே இழுக்கச் சொல்வார், ஒடியும். டீச்சர் வந்து உட்கார்ந்திருப்பார். தன் புத்தியால்தான் ஒடிந்தது என்று இவர் தெரிந்துகொள்வார். வெளியே வளைத்துவிட்டால் என்ன. சரியாகிவிடும், உள்ளே என்று சொன்னதால்தான் சரியாயிற்று என்று அவர் நினைத்துக்கொள்வார், அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. அது பொய்யா. உப்புத் தேநீரைக் குடித்தது பொய்யா. வழியில் கூடைக்காரியிடம் மீன் வாங்கினோமே, குழம்பும் வைத்தேனே. வளைப்பானை இறக்கையில் நுழைத்தேன். அவர் கண்ணுக்குத் தெரியாதபடி என் தோளைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன், மூச்சை நிறுத்திக்கொண்டு, சுவர்ப்பக்கமாக, வெளியே, ஒரு பொட்டு. தகடு வளைந்து கொடுத்தது. ஒடியவில்லை. அடுத்த இறக்கை, அதே அளவு. "ஆச்சுங்க" என்றேன். டயலை மாட்டினேன், பூஜ்யத்தில் விரலை விட்டுக் கடைசிவரை சுற்றி விட்டேன், கர்ரென்று திரும்பி வந்தது, அருள் நிறைந்த மரியே என்று மனசுக்குள் சொன்னேன், சொல்லி முடிக்கவும் அது நிற்கவும் சரியாக இருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. நான் எழுந்து அடுப்பை அணைத்தேன், எத்தனை விசில் வந்தது என்று தெரியவில்லை.

டீச்சரை ஆட்டோக்காரர் கைபிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்தார். வெள்ளைப் புடவை, கஞ்சி போட்டது, மடிப்புக் கலையாமல். எங்கள் வீட்டு லைனிலேயே போனை மாட்டி அவர் மடியில் வைத்தோம். விரலால் டயலைத் தடவினார், ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போய் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சுற்றினார், காரைக்குடி நம்பர் நீளம், ஒவ்வொன்றாக நிதானமாகத் திரும்பி வந்தது. மில்லுக்காரர் எடுத்துவிட்டால். "அக்கா? நான்தான். ஆமா, நானேதான். இல்லக்கா, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல, போன்தான் பழுதாயிருச்சு. என்ன கொழம்பு இன்னைக்கு?" அந்தப்பக்கம் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது, பிறகு இருவருமாகச் சிரித்தார்கள். பேசி முடித்து ரிசீவரை வைத்தபோது டீச்சர் கேட்டார், "என்ன சார் பழுது அதுல?" இவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, "உள்ள ரெண்டு எறக்கை இருக்கு டீச்சர். கொஞ்சம் வெளியே வளைச்சு விட்டா சரியாயிரும்" என்றார். வெளியே என்றார். என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வளைச்சது நான் இல்ல. எங்க வீட்லதான். ரெண்டு வருஷமா எல்லாம் இவதான் பண்றா." காபி டம்ளரை எடுக்கக் குனிந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். "அப்படியாம்மா?" என்று டீச்சர் நான் இல்லாத பக்கம் திரும்பிச் சிரித்தார்.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சோறு போடவா என்று கேட்டேன். "ஒக்காரு" என்றார். "நான் உள்ளேன்னு சொன்னேன், நீ வெளியே வளைச்சே. சத்தத்துலயே தெரிஞ்சுது." "அப்ப ஏங்க உள்ளேன்னு சொன்னீங்க, மூணு தடவ." "வரல அமலி. காலையிலேர்ந்து யோசிக்கிறேன், உள்ளேயா வெளியேயான்னு வரவே இல்ல. சரி, ரெண்டுல ஒண்ணச் சொல்லிப் பாப்போம், தப்பா இருந்தா ஒன் மொகத்துல தெரியும்னு பாத்தேன். ஒன் மொகத்துல ஒண்ணுமே இல்ல. கல்லு மாதிரி வச்சிருக்க. மறுபடி சொன்னேன், அப்பவும் ஒண்ணுமில்ல. நான் எதப் பாத்துத் தெரிஞ்சுக்கறது?" நான் எதைத் தாங்கிக்கொண்டிருந்தேன் இத்தனை நாளாக. இவர் இருட்டில் சுவரைத் தேடிக் கை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், நான் சுவரை நகர்த்தி நகர்த்தி வைத்திருக்கிறேன். "அன்னைக்கு நிவேதிதா பேரச் சொன்னதுக்குத் தட்டத் தள்ளிட்டுப் போனீங்களே. அதான் பயந்துட்டேன்." "கோவம் ஒன் மேல இல்ல. ஒன் மேல இல்லவே இல்ல." மேசைமேல் இருந்த ஒரு மறையை ஆடுகிற விரலால் நகர்த்தினார். "மீன் வாங்கணும்னு கையப் புடிச்சு இழுத்தியே, மீன் மார்க்கெட்டு அந்தப் பக்கமா இருக்கு? வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிஞ்சுது. நீ ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. வேற எதெல்லாம், சொல்லு."

சொன்னேன். பர்னிஷரைச் சொன்னேன், கொடியில் காயப்போட்ட சட்டையை நனைத்துவிட்டு மறுபடி காயப்போட்டதைச் சொன்னேன், செத்துப்போன தன் தம்பியிடமிருந்து தபால் வந்ததா என்று கேட்டதைச் சொன்னேன், அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பழுது என்ன என்று போன் கொண்டுவந்தவர்களிடம் கேட்கிற மாதிரி, பொறுமையாக. தேநீரில் உப்பு என்றபோது, "உப்பா? நல்லாத்தானே இருந்துச்சு, நானும் குடிச்சேனே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, அவரும் சிரித்தார், வெகுநாளைக்குப் பிறகு அந்த மேல்வரிசைப் பல் இடுக்கைப் பார்த்தேன். பருப்பு தீய்ந்த வாசனை அப்போதுதான் மூக்கில் ஏறியது. "பிரிட்டோவுக்குப் போடு" என்றார். "டாக்டர் ஒருத்தரச் சொன்னான்ல, நீ பேசுனது கேட்டுச்சு. நான் பேசுறேன்." என் செல்போனில் போட்டு அவர் கையில் கொடுத்தேன், ஆடாமல் இருக்க அவர் முழங்கையைக் கீழேயிருந்து பிடித்துக்கொண்டேன். "தம்பி. அப்பாதான். இல்ல இல்ல, அம்மா நல்லாத்தான் இருக்கா. எனக்குத்தான் மறதி வருதுப்பா. போன மாசத்துலேர்ந்து" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் முகத்தை ஒன்றும் செய்யவில்லை, அதன் போக்கில் விட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "இல்லப்பா" என்றார் போனில், "அதுக்கும் முன்னாடியே இருக்கும்."